தைரொயிட் கட்டி: ஊசி எடுத்தாச்சு, ரிப்போர்ட் வரும்வரை என்ன செய்யிறது?

செவ்வந்தி (கோண்டாவில்)

எல்லாருக்கும் வணக்கம். சட்டை தைக்க அளவெடுத்த அக்காதான் முதல்லை கண்டவ. "பிள்ளை, கழுத்திலை இந்தப் பக்கம் கொஞ்சம் மொத்தமாத் தெரியுது, ஆருக்கும் காட்டினனீரோ?" எண்டு கேட்டா. குடும்ப டொக்ரரிட்டைப் போனன். தண்ணி குடுத்து விழுங்கச் சொல்லித் தடவிப் பாத்திட்டு ரத்தத்துக்கும் ஸ்கானுக்கும் எழுதித் தந்தார். ரி.எஸ்.எச். 1.9, நோர்மல். ஸ்கானிலை வலப்பக்கம் 2.4 சென்ரிமீற்றரிலை ஒரு கட்டி, "ரைராட்ஸ் 4" எண்டு போட்டிருக்கு. பெரியாஸ்பத்திரி கிளினிக்கிலை காட்டி, ஊசியாலை கட்டிக்குள்ளையிருந்து செல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியாச்சு. ரிப்போர்ட் வரக் கொஞ்சம் செல்லும் எண்டு சொல்லியிருக்கினம்.

பகலிலை பள்ளிக்கூடம், பிள்ளையள், சமையல் எண்டு பொழுது போயிடும். படுத்தாப் பிறகுதான் கஷ்டம். கை தன்பாட்டிலை கழுத்துக்குப் போகுது. நேற்றையிலும் பாக்கப் பெருத்திட்டுதோ, விழுங்கேக்கை தடக்குதோ எண்டு யோசினை. இவர் கட்டாரிலை. அவருக்கு மட்டும் சொன்னனான். அம்மா என்னோடைதான் இருக்கிறா, பிரசர்காரி, சொல்லேல்லை. நல்லூர் கொடியேறியிட்டுது, வீட்டிலை விரதம். கோயில் வாசலிலை நிக்கேக்கையும் இதுதான் மனசிலை.

எனக்கு ரெண்டு விசயம் தெரிய வேணும். இந்த 4 எண்டுறது நாலாம் ஸ்ரேஜோ? ரத்தம் நோர்மல் எண்டால் பிறகேன் ஊசி? மற்றது, இதுக்குள்ளாலை போனவை இந்த நாட்களை எப்பிடிக் கழிச்சனீங்கள் எண்டு சொல்லுங்கோ.

நல்லூர் வாசகி

தங்கச்சி, அது ஸ்ரேஜ் இல்லை, இல்லவே இல்லை. அதை மட்டும் இப்பவே மனசிலையிருந்து எடுத்துப் போட்டிட்டுப் படுங்கோ. மிச்சத்தை விசயம் தெரிஞ்ச ஆக்கள் வந்து எழுதுவினம்.

ஓய்வுபெற்ற வைத்தியர்

செவ்வந்தி, உங்கள் இரண்டு கேள்விகளும் கிளினிக்கில் அதிகம் கேட்கப்படுபவை.

ரி.எஸ்.எச். என்பது தைரொயிட் சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லும். கட்டி எத்தகையது என்பதை அது சொல்லாது. நோர்மல் என்று வந்தால் "சுரப்பு சரி" என்பது மட்டுமே பொருள். ரி.எஸ்.எச். குறைவாக இருந்திருந்தால், கட்டியே அதிகமாகச் சுரக்கிறதா என்று அணுக்கதிர் ஸ்கான் ஒன்று கேட்டிருப்பார்கள். அப்படி அதிகமாகச் சுரக்கும் கட்டிகளில் புற்றுநோய் மிக அரிது. உங்களுக்கு அது தேவைப்படவில்லை.

ரைராட்ஸ் என்பது ஸ்கான் படத்துக்குப் போடும் புள்ளி. அமெரிக்கக் கதிரியக்க வைத்தியர் கல்லூரி 2017இல் வெளியிட்ட முறைதான் பரவலாகப் பயன்படுகிறது. கட்டி திண்மமா நீர் நிறைந்ததா, படத்தில் எவ்வளவு கருமை, அகலத்தைவிட உயரம் கூடவா, ஓரம் ஒழுங்கா, உள்ளே சுண்ணாம்புப் பொட்டுகள் உண்டா என்ற ஐந்தையும் பார்த்துப் புள்ளி கூட்டி 1 முதல் 5 வரை வகுக்கிறார்கள். எந்த அளவில் ஊசி தேவை என்பதும் வகைக்கு வகை மாறும். 3 என்றால் 2.5 சென்ரிமீற்றரிலிருந்து, 4 என்றால் 1.5இலிருந்து, 5 என்றால் 1இலிருந்து. உங்களுடையது 4ஆம் வகை, 2.4 சென்ரிமீற்றர். அதனால்தான் ஊசி. இதே தோற்றத்தில் 1.2 ஆக இருந்திருந்தால், "அடுத்த வருடம் ஸ்கான் செய்து பார்ப்போம்" என்று அனுப்பியிருப்பார்கள். ஊசிக்கு எழுதியதால் வைத்தியர் புற்றுநோயைச் சந்தேகித்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். அந்த அளவுக்கு உள்ள விதிப்படி எழுதியிருக்கிறார்.

தைரொயிட் கட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது ஆபத்தில்லாதவை. பெண்களிடம் இவை மிகச் சாதாரணம். வேறு எதற்காகவோ கழுத்தை ஸ்கான் செய்யும்போது தற்செயலாகத் தெரிபவையும் ஏராளம்.

ஆகவே ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கலாம். காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. கட்டி சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியப் பெருத்தால், குரல் கம்மி அப்படியே நின்றால், மூச்சு எடுக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டால், கழுத்தின் பக்கத்தில் வேறு கட்டி தட்டுப்பட்டால், திகதி பார்க்காமல் உடனே போங்கள். சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை எடுத்திருந்தாலோ குடும்பத்தில் யாருக்காவது தைரொயிட் புற்றுநோய் இருந்தாலோ அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

மானிப்பாய் சிவா

டொக்ரர் சொன்னதிலை பிழை சொல்லேல்லை. ஆனால் காத்திரு காத்திரு எண்டு சொல்லுறதை என்னாலை ஏற்க ஏலாது. என்ரை மனுசிக்கு இப்பிடி வந்தபோது இஞ்சை ஒரு தனியார் லாப்பிலை குடுத்த ரிப்போர்ட் நாள் கடந்தும் வரேல்லை. போன் எடுத்தால் நாளைக்கு, நாளண்டைக்கு எண்டினம். கடைசியா ராவுப் பஸ்சிலை கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கை புதுசா எடுப்பிச்சன். காசு போனது உண்மை. ஆனால் அவ நித்திரை கொண்டா. கையிலை இருந்தால் செலவழியுங்கோ தங்கச்சி, உயிரிலும் பெரிசோ காசு?

ஓய்வுபெற்ற வைத்தியர்

சிவா, நாள் கடந்த ரிப்போர்ட்டைத் தேடிப் போனது சரிதான். நான் காத்திருக்கச் சொல்வது வேறு காத்திருப்பு. தைரொயிட் புற்றுநோயில் பெரும்பகுதி பப்பிலரி என்ற வகை, மிக மெதுவாக வளர்வது. ஜப்பானில் கோபே நகரிலுள்ள குமா வைத்தியசாலையில் 1993 முதல், ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட பப்பிலரி என்று உறுதியான பிறகும், ஆபத்துக் குறைந்தவர்களை வெட்டாமல் ஸ்கான் மூலம் கண்காணித்து வருகிறார்கள். பலருக்கு அது வளரவே இல்லை. உறுதியான நோயையே அப்படிப் பார்த்திருக்க முடியும் என்றால், ரிப்போர்ட்டுக்காகச் சில கிழமைகள் பொறுப்பதால் உடம்புக்குக் கெடுதல் வராது. மனதுக்கு வரும் கெடுதல் வேறு, அதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஆய்வுகூடத் தம்பி

சிவா அண்ணை, ரிப்போர்ட் ஏன் சுணங்குது எண்டு உள்ளுக்கை நிக்கிற ஆள் எண்ட முறையிலை சொல்லுறன்.

ஊசியிலை வாறது ரெண்டு மூண்டு துளிதான். அதைக் கண்ணாடித் துண்டிலை விட்டு, இன்னொரு துண்டாலை மெல்ல இழுத்துப் பரப்புவம். சிலதைக் காயவிடுவம், சிலதை உடனை அற்ககோலிலை போடுவம். பிறகு சாயம் ஏத்த வேணும். அதை மைக்கிரஸ்கோப்பிலை பாத்து முடிவு எழுதிறவர் நோயியல் நிபுணர். அவரின்ரை மேசையிலை முழு ஆஸ்பத்திரியின்ரை துண்டும் கிடக்கும். குறைஞ்சது ஆறு கூட்டம் செல் வேணும், ஒவ்வொரு கூட்டத்திலும் பத்துச் செல்லாவது இருக்க வேணும். வெறும் ரத்தம்தான் வந்திருக்கெண்டால் "போதாது" எண்டு எழுதிறதைத் தவிர வழியில்லை. சந்தேகமான துண்டை இன்னொராளுக்கும் காட்டுவினம். அதாலையும் நாள் போகும். எனவே பிந்தினால் கூடாத செய்தி எண்டு கணக்குப் போடாதேங்கோ அக்கா. நாங்கள் கண்ட அளவிலை ரெண்டுக்கும் சம்பந்தமில்லை.

ரிப்போர்ட்டிலை "பெதெஸ்டா" எண்டு ஒரு நம்பர் வரும், 1 தொடக்கம் 6 வரை. 2007இலை அமெரிக்காவிலை பெதெஸ்டா எண்ட ஊரிலை கூடி வகுத்தது, கடைசியா 2023இலை புதுப்பிச்சவை. 1 எண்டால் செல் போதாது, திருப்பி எடுக்க வேணும். 2 எண்டால் சாதாரணக் கட்டி. 6 எண்டால் புற்றுநோய், 5 அதுக்குக் கிட்ட. 3உம் 4உம் தான் நடுவிலை நிக்கிறது. இதை இப்பவே சொல்லுறதுக்குக் காரணம், ஆக்கள் "இருக்கு" அல்லது "இல்லை" எண்டு ரெண்டு பதிலைத்தான் எதிர்பாத்துக்கொண்டு வருவினம். மூண்டாவதா ஒண்டு வந்தால் உடைஞ்சு போவினம்.

பருத்தித்துறை மகள்

செவ்வந்தி, உம்மடை கடைசிக் கேள்விக்குத்தான் எழுதிறன். எனக்குப் பப்பிலரி எண்டு வந்தது. முழுச் சுரப்பியும் எடுத்து, மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதிரியக்க அயடின் மருந்தும் எடுத்து, இப்ப காலமை வெறுவயித்திலை சுரப்புக்குப் பதிலான தைரொக்சின் குளிசை போட்டுக்கொண்டு நல்லா இருக்கிறன். ரிப்போர்ட் கூடாமல் வந்த ஆள் நான், ஆனபடியால் தைரியமாச் சொல்லுவன். எல்லாத்துக்கையும் கஷ்டமான காலம் நீர் இப்ப நிக்கிற காலம்தான். சத்திரசிகிச்சைக்கு ஒரு திகதி இருந்தது, மருந்துக்கு ஒரு அளவு இருந்தது. இதுக்கு ஒண்டுமில்லை.

எனக்கு அப்ப கலியாணம் பேசிக்கொண்டிருந்தவை. பெரியம்மா வந்து, "ஆருக்கும் மூச்சுக் காட்டாதை, கழுத்திலை கத்தி வைச்ச பெட்டை எண்டு கதை வந்தால் சரி வராது" எண்டா. வீடு முழுக்க வாயை மூடிச்சுது. ஆஸ்பத்திரிக்குப் போறதையும் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வாங்கப் போறது எண்டுதான் சொன்னனாங்கள். பஸ்சிலை தெரிஞ்ச முகம் கண்டால் நெஞ்சு அடிக்கும். வருத்தத்தையும் சுமந்து பொய்யையும் சுமந்தன். அந்தப் பொய்தான் என்னைக் கூட வாட்டினது எண்டு இண்டைக்கும் நினைக்கிறன். பேசி வந்த இடத்துக்கு நானே சொன்னன். அந்தப் பேச்சு நிண்டுது. பிறகு வந்தவருக்கு முதல் நாளே சொன்னன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "குளிசையை எத்தினை மணிக்குப் போட வேணும்?"

ஆனபடியால் அம்மாவுக்குச் சொல்லும். அவ ஒரே வீட்டிலை இருக்கிறா. உம்மடை முகத்தைப் பாத்து ஏதோ எண்டு அவவுக்கு ஏற்கெனவே விளங்கியிருக்கும். முழுக் கதையும் வேண்டாம். "ஒரு கட்டி இருக்கம்மா, கனபேருக்கு வாறது, ஊசி எடுத்திருக்கு, வந்தோடனை சொல்லுறன்" எண்டு சொன்னால் காணும்.

ராவிலை தேடி வாசிக்கிறதை நிப்பாட்டும். கேள்வி வந்தால் கிளினிக் கொப்பியின்ரை கடைசிப் பக்கத்திலை எழுதி வையும், டொக்ரருக்கு முன்னாலை எல்லாம் மறந்து போகும். ரிப்போர்ட்டை ஆர் தருவினம், எந்த நாளிலை, எந்த இடத்திலை, வரேல்லை எண்டால் ஆரைக் கேக்கிறது எண்டதைக் கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸிட்டை இப்பவே கேட்டு அதையும் எழுதும். எனக்குப் பாதி யோசினை அந்தத் துண்டோடை குறைஞ்சது. கட்டியைத் தடவிறதை விடும். தடவத் தடவ நோகும், நோக நோகப் பெருத்த மாதிரி இருக்கும்.

ரொறன்ரோ ராசாத்தி

இஞ்சையும் இதே காத்திருப்புத்தான் சகோதரி, வெளிநாட்டிலை ஒரு நாளிலை எல்லாம் முடியும் எண்டு நினைக்காதேங்கோ. என்ரை தங்கச்சி ஊரிலை, அவவுக்கும் போன வருசம் இப்பிடித்தான். நாங்கள் வெளியிலை இருக்கிற ஆக்கள் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து "வந்திட்டுதோ, வந்திட்டுதோ" எண்டு கேட்டு அவையைப் பயப்படுத்திறம். வந்தோடனை நீ எடு, அதுவரை நாங்கள் வேறை கதை கதைப்பம் எண்டு தங்கச்சியோடை பேசி வைச்சன். அவவுக்கு அது பெரிய உதவியா இருந்தது. உங்கடை இவருக்கும் அப்பிடிச் சொல்லிப் பாருங்கோ.

கைதடி ரஞ்சி

நடுவிலை ஒரு கேள்வி. கோவா, மரவள்ளி, கருவாடு ஒண்டும் தொடக்கூடாது எண்டு மாமி சொல்லுறா. எனக்கும் சின்னக் கட்டி ஒண்டு இருக்கு. பக்கத்து வீட்டு அக்கா ஏதோ எண்ணெய் பூசச் சொல்லுறா. உண்மையோ?

ஓய்வுபெற்ற வைத்தியர்

ரஞ்சி, கோவாவும் மரவள்ளியும் அளவோடு சாப்பிடலாம். அயடின் போதாத இடங்களில் மரவள்ளியையே நாளாந்த உணவாகக் கொண்டவர்களுக்குத்தான் அது பிரச்சினையானது. இலங்கையில் உப்புக்கு அயடின் சேர்ப்பது 1995இல் சட்டமானது. கருவாட்டை இதற்காக விலக்கத் தேவையில்லை. எண்ணெய் பூசிக் கட்டி கரையாது, அழுத்தி உருவவும் வேண்டாம்.

உணவைவிட முக்கியமான ஒன்று: முடிக்கும் நகத்துக்கும் என்று கடைகளில் விற்கும் பயோற்றின் குளிசை. அதில் அளவு கூடினால் தைரொயிட் ரத்தப் பரிசோதனையே பிழையாக வரலாம், ரி.எஸ்.எச். குறைவது போலக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். ஊசிக்குப் போகிறவர்கள் அஸ்பிரின், வாபரின் போன்ற ரத்தம் உறையாத மருந்து எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வேலணையூரான்

ஊசி நோகுமோ? அக்காவுக்கு அடுத்த கிழமை.

செவ்வந்தி (கோண்டாவில்)

நான் சொல்லுறன் தம்பி. தோளுக்குக் கீழை தலகணி வைச்சுக் கழுத்தை நல்லாப் பின்னாலை சாய்ப்பினம். ஸ்கான் கருவி வைச்சு, படத்தைப் பாத்துக்கொண்டே மெல்லிசு ஊசி ஒண்டு விடுவினம். ரத்தம் எடுக்கிற மாதிரித்தான் குத்தும். உள்ளுக்கை ஊசியை முன்னும் பின்னும் அசைக்கேக்கை ஒரு அமத்தல் தெரியும். அப்ப விழுங்கவும் கூடாது, கதைக்கவும் கூடாது, அதுதான் கரைச்சல். ரெண்டு மூண்டு தரம் எடுப்பினம். பிறகு பஞ்சை வைச்சு அமத்திப் பிடிக்கச் சொல்லுவினம். கண்டின மாதிரி நீலம் கொஞ்ச நாள் நிக்கும். அக்காவை எச்சில் விழுங்கிப்போட்டுப் படுக்கச் சொல்லுங்கோ.

பருத்தித்துறை அக்கா, நீங்கள் எழுதினதை வாசிச்சு அழுதன். நேற்று அம்மாவுக்குச் சொன்னன். "அதுதானே, நீ சோத்தைப் பிசைஞ்சு கொண்டிருந்தனி" எண்டா. பிறகு எழும்பிப் போய் விளக்கைக் கொழுத்தினா. பயப்பட்ட அளவுக்கு ஒண்டும் நடக்கேல்லை.

செவ்வந்தி (கோண்டாவில்)

ரிப்போர்ட் வந்திட்டுது. பெதெஸ்டா 3. "தீர்மானிக்க முடியாத மாற்றம், மீண்டும் செய்யவும்." தம்பி முன்கூட்டியே எழுதினபடியால்தான் வாசலிலை விழாமல் நிண்டன். எண்டாலும் கோவமா வருது. இவ்வளவு நாளும் இருந்தது இதுக்கோ? பதில் இல்லாத பதிலுக்கோ?

மானிப்பாய் சிவா

கோவம் வரத்தான் செய்யும் தங்கச்சி. வரட்டும். பிழை பிடிக்க ஒருத்தரும் இல்லாத இடத்திலை வாற கோவம்தான் கூடப் பொல்லாதது. மனுசிக்கும் முதல் ரிப்போர்ட் 1 எண்டு வந்தது, எனக்கு லாப்பை உடைக்கவேணும் போலை இருந்தது.

ஆய்வுகூடத் தம்பி

அக்கா, 3 எண்டு எழுதிறது கைகழுவிறது இல்லை. கண்ணுக்குத் தெரிஞ்ச செல் சாதாரணமும் இல்லை, கூடாதது எண்டு கையெழுத்து வைக்கிற அளவும் இல்லை. அந்த நேரத்திலை 2 எண்டு எழுதி அனுப்பினால்தான் பிழை. சில வகைக் கட்டியிலை ஊசிக்கு ஒரு எல்லையும் இருக்கு. பலாப்பழத்துக்குள்ளை குச்சியை விட்டுச் சுளையைத் தொட்டுப் பாக்கலாம், தோல் எங்கையாவது வெடிச்சிருக்கோ எண்டு குச்சிக்குத் தெரியாது. பொலிக்குலர் எண்ட வகையிலை கூடாததோ இல்லையோ எண்டதைக் கட்டியின்ரை உறையை முழுசாப் பாத்துத்தான் சொல்ல ஏலும். அதுக்குக் கட்டி முழுசா வர வேணும்.

ஓய்வுபெற்ற வைத்தியர்

2023 பதிப்பின்படி 3ஆம் வகையில் புற்றுநோயாக இருப்பது சராசரியாக 22 விழுக்காடு. அந்தக் கணக்கும் பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்குப் போனவர்களை வைத்து எடுத்தது. வெட்டாமல் பார்த்திருந்தவர்களையும் சேர்த்தால் இன்னும் குறையும். இரண்டாவது ஊசியில் பலருக்கு 2 என்று தெளிந்துவிடும். மறுபடியும் 3 என்றால், ஸ்கான் மூலம் கண்காணிப்பதா, பாதிச் சுரப்பியை எடுத்துப் பார்ப்பதா என்று உங்களோடு கதைத்துத்தான் முடிவெடுப்பார்கள். சில நாடுகளில் மரபணுப் பரிசோதனையும் செய்கிறார்கள், செலவு அதிகம். உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் அங்கே சொல்லுங்கள். வருடக்கணக்கில் ஸ்கான் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு, இருக்க முடியாதவர்களும் உண்டு. இரண்டுமே நியாயம்.

செவ்வந்தி (கோண்டாவில்)

கன நாளா இந்தப் பக்கம் வரேல்லை, குறை நினைக்காதேங்கோ. ரெண்டாவது ஊசியும் 3. சேர்ஜன், என்ரை அம்மாவையும் பக்கத்திலை இருத்தி வைச்சு ஆறுதலாக் கதைச்சார். ஆறு மாதத்திலை ஸ்கான் செய்து பாக்கலாம், அல்லது வலப் பாதியை எடுக்கலாம், ரெண்டும் பிழை இல்லை எண்டார். நான் எடுக்கிறது எண்டு சொல்லிப்போட்டன். பயத்திலை சொல்லேல்லை. ஆறு மாதத்துக்கு ஒருக்கா இதே மாதிரி இருக்க எனக்கு ஏலாது எண்டு எனக்குத் தெரியும். மிச்சப் பாதி வேலை செய்யும், சிலருக்குத்தான் பிறகு குளிசை தேவைப்படும் எண்டவர். குரல்நாண் அசையுதோ எண்டு மூக்காலை குழாய் விட்டும் பாத்தாச்சு, நல்லா இருக்கு. இவர் லீவு கேட்டிருக்கிறார். திகதியும் தந்திட்டினம். திகதி எண்டு ஒண்டு கையிலை வந்த அண்டைக்கு விடியும்வரை நித்திரை கொண்டன் அக்கா, நீங்கள் சொன்னது சரி.

இப்ப கேள்வி வேறை. வார்ட்டுக்கு என்னென்ன கொண்டு போறது? தாலிக்கொடியை என்ன செய்யிறது? அம்மா அதைக் கழட்டிறதுக்குத்தான் கண் கலங்குறா.

பருத்தித்துறை மகள்

தாலிக்கொடி கட்டாயம் கழட்ட வேணும், வெட்டிற இடமே அதுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாதையும், களவு போகும். முதல் நாள் வீட்டிலை சாமிப் படத்துக்கு முன்னாலை அம்மாவின்ரை கையிலையே குடுத்து வைச்சிட்டு வாரும், அவவுக்கும் அது ஆறுதலா இருக்கும். காப்பு, தோடு, மோதிரமும் அப்பிடியே. மருதாணி போடாதையும், விரலிலை மாட்டிற கருவி சிலவேளை சரியா வாசிக்காது.

தலைக்குள்ளாலை போடுற உடுப்பு ஒண்டும் வேண்டாம். முன்னுக்குப் பொத்தான் வைச்ச நைற்றி மூண்டு கொண்டு போம். கழுத்திலை ரத்தம் வடியக் குழாய் ஒண்டு வைச்சாலும் வைச்சிருப்பினம், அதைத் தூக்கிக்கொண்டு நடக்க ஒரு சின்னத் துணிப்பை இருந்தால் நல்லது. சுடுதண்ணிப் போத்தல், கோப்பை, கரண்டி, பெட்சீற், மெல்லிசுத் தலகணி ரெண்டு. முதல் நாள் தொண்டை நோகும், இடியப்பத்தைச் சொதியிலை ஊறவிட்டுச் சாப்பிட்டால் இறங்கும். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, ஸ்கான் படம், ரெண்டு ஊசி ரிப்போர்ட்டும் ஒரு பைலிலை இருக்கட்டும். குரல்நாண் பாத்த துண்டை மேலை வையும், மயக்க மருந்து டொக்ரர் அதைத்தான் முதல்லை கேப்பார்.

எடுத்த பாதியையும் லாப்புக்குத்தான் அனுப்புவினம். அந்த ரிப்போர்ட்டை எந்த நாள், ஆரிட்டை வாங்கிறது எண்டு வீட்டை போக முதலே மிஸ்ஸிட்டைக் கேட்டு எழுதிக்கொண்டு வாரும்.